ஒற்றைக் கொம்பு மென்மை

அச்சகத்தில் முதலாளி முதல் வேன் டிரைவர் வரை எல்லோருக்கும் அவள் புரூஃப் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த பைண்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே ஒரு வினாடி கழித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

அது புத்தகம் அடிக்கிற அச்சகம் இல்லை, அட்டைப்பெட்டி அடிக்கிற அச்சகம். பற்பசை, இருமல் மருந்து, கொசுவர்த்தி, ஃபேஸ்வாஷ் என்று கடையில் எதைக் கையில் எடுத்தாலும் மேலே ஓர் அட்டை இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்வோம். அப்படிக் கிழிபடப் போகிற அட்டையை ஓர் எழுத்து, ஒரு புள்ளி விடாமல் படிக்கிற ஒரே ஜீவன் உலகத்தில் அவள்தான். அதற்குத்தான் சம்பளம்.

அவள் படிக்கிற விதமே தனி. கம்பெனிக்காரர்கள் கொடுத்த மூலப் பிரதி இடது பக்கம், அச்சுக்குப் போகிற பிரதி வலது பக்கம், கையில் ஸ்டீல் ஸ்கேல். கடைசி வரியில் ஆரம்பித்து மேலே ஏறுவாள். ஒவ்வொரு வரியையும் பின்னாலிருந்து முன்னால் படிப்பாள். நேராகப் படித்தால் பொருள் புரிந்துவிடும். புரிந்துவிட்டால் கண் தாவிவிடும். தாவிய இடத்தில்தான் பிழை உட்கார்ந்திருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் யாராவது கேட்டால், "புரிஞ்சுக்காம படிக்கணும், அவ்வளவுதான் ரகசியம்" என்பாள். கேட்டவர்கள், பள்ளிக்கூடத்தில் தாங்கள் செய்ததும் அதுதானே என்று தைரியமாகப் போவார்கள்.

இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பத்தொன்பது வருடம் அவள் எதையும் புரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டாள். ஒரு பிழை வெளியே போனதில்லை. கோகாமிடோபுரோப்பில் பீட்டைன் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தலைகீழாகச் சொல்வாள். அது திடப்பொருளா திரவமா, மனிதன் தொடலாமா கூடாதா என்று கேட்டால் முழிப்பாள்.

நாற்பத்தாறாவது வயதில் அவளுக்குக் கன்னம் இரண்டும் சிவக்க ஆரம்பித்தது. முதலில் வெட்கப்படுகிற மாதிரி இருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர்கூட ஒருநாள் காலையில், "என்ன, முகம் பளபளன்னு இருக்கு?" என்று கேட்டார். கல்யாணம் ஆகி இருபது வருடத்தில் அவள் முகத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது. அடுத்த வாரம் பளபளப்பு உரிய ஆரம்பித்தது. சிரித்தால் கன்னம் இழுத்தது, கோபப்பட்டால் எரிந்தது. ஆகவே ஒரு மாதம் இரண்டும் செய்யாமல் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தாள். அச்சகத்தில் எல்லோரும் பயந்துபோய் வேலையைச் சுறுசுறுப்பாகச் செய்தார்கள்.

வீட்டில் முகத்துக்கு அதிகாரி அவளுடைய நாத்தனார்தான். கணவரின் தங்கை, அதே கட்டடத்தில் மேல்மாடியில் குடியிருக்கிறாள். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். தனிம அட்டவணையை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு இருநூறு பிள்ளைகளை மிரட்டுவாள். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டால், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தி கையில் டியூபைத் தூக்கிக் காட்டி "அறிவியல்பூர்வமானது" என்று சொன்னதும், அறிவியல் டீச்சர் அப்படியே உருகிவிடுவாள். அண்ணிமேல் அவளுக்குப் பாசம் ஜாஸ்தி. எந்த ஃபேஸ்வாஷ் வாங்கினாலும் இரண்டாக வாங்குவாள், ஒன்று அண்ணிக்கு.

அப்படி வந்ததுதான் முன்பக்கத்தில் 'மென்மை' என்று பெரிதாகப் போட்டிருக்கும் ஃபேஸ்வாஷ். பச்சை நிற அட்டை, அதில் பாதியை அடைத்துக்கொண்டு நீர்த்துளி தெறிக்கிற வெள்ளரிக்காய்த் துண்டு. அட்டை இவளுடைய அச்சகத்தில் அடித்ததுதான். கன்னம் எரிய எரிய, மென்மையாகட்டும் என்று புரூஃப் அக்கா அதைப் போட்டு இன்னும் அதிகமாகக் கழுவினாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவையாக இருந்தது நாலு தடவையாயிற்று.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனாள். ஐம்பது வயது இருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள், ஆளுக்கு மூன்று நிமிடம். கன்னத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "முகத்துக்கு என்ன போடுறீங்க?" என்று கேட்டார்.

பெயரைச் சொல்லியிருந்தால் போதும். பதற்றத்தில் புரூஃப் அக்காவுக்கு வாயில் வந்தது அட்டைதான்.

"தண்ணீர் கமா சோடியம் லாரெத் சல்ஃபேட் கமா கோகாமிடோபுரோப்பில் பீட்டைன் கமா சோடியம் குளோரைடு கமா கிளிசரின் கமா வாசனை கமா ஃபீனாக்சிஎத்தனால் கமா..."

டாக்டரின் பேனா பாதியில் நின்றது. "நீங்க என்ன கெமிஸ்ட்ரி படிச்சவங்களா?"

"இல்லீங்க டாக்டர். அது என் நாத்தனார். நான் புரூஃப்."

விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இருபது வருடமாக, வந்தவர்களிடமெல்லாம் "அட்டையைக் கொண்டாங்க, அட்டையைக் கொண்டாங்க" என்று கெஞ்சியும் ஒருவரும் கொண்டுவந்ததில்லை. இன்றைக்கு அட்டையே நடந்து வந்திருக்கிறது. வெளியே இருந்த முப்பது பேரையும் மறந்துவிட்டார்.

"இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க, இதுக்கு அர்த்தம் யாரும் சொல்லலையா?"

"தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு இருந்தேன் டாக்டர்."

"சரி, இப்ப தெரிஞ்சுக்குங்க. வரிசைங்கிறது அளவு. அதிகமா இருக்கறது முதல்ல, குறைய குறைய பின்னால. முதல்ல தண்ணி, அதுல விசேஷம் ஒண்ணும் இல்ல. அதுக்கடுத்து நிக்கறான் பாருங்க, அவன்தான் நுரை கட்டி அழுக்கை இழுக்கறவன். முரடனா, சாதுவா, அதை முதல்ல பாருங்க. உங்க லாரெத் நடுத்தரம். அதுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கான், லாரில்னு. அவன் கோபக்காரன், அழுக்கோட சேர்த்துத் தோல்ல இருக்கிற எண்ணெயையும் உருவிட்டுப் போயிடுவான். உங்களை மாதிரி வறண்ட தோலுக்கு அந்த வீட்டுப் பக்கமே போகாதீங்க. பீட்டைன் சாது. கிளிசரின் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், அது எவ்வளவு முன்னால நிக்குதோ அவ்வளவு நல்லது. வாசனை எத்தனாவது சொன்னீங்க?"

"ஆறாவது."

"அதான் உங்களுக்கு ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன். எல்லாருக்கும் ஆகாதுன்னு இல்ல, உங்களுக்கு ஆகலை. அதோட நாலு தடவை வேற கழுவியிருக்கீங்க. ஃபீனாக்சிஎத்தனால் கெட்டுப்போகாம இருக்கப் போடுறது. அது ஒரு சதவீதத்துக்கு மேல இருக்காது. அதனால அதுக்குப் பின்னால நிக்கிற கூட்டமெல்லாம் துளித் துளிதான்."

"வெள்ளரிச் சாறு டாக்டர்?"

"எத்தனாவது?"

"பதினொண்ணு."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "வெள்ளரிக்காய் அந்தப் பக்கமா நடந்து போயிருக்கும்."

ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். வாசனை இல்லாத, சாதுவான எதையாவது வாங்கி ஒரு நாளைக்கு இரண்டு வேளை மட்டும் கழுவச் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது புரூஃப் அக்காவுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. பத்தொன்பது வருடமாக ஒரே கட்டடத்தின் பெயர்ப்பலகையைத் தினமும் துடைத்து வைத்துவிட்டு, இன்றைக்குத்தான் உள்ளே இருப்பவர்கள் யார் யார் என்று தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது. ஒருத்தன் முரடன், ஒருத்தி சாது, ஒருவன் சும்மா பேருக்குக் கடைசியில் நிற்கிறவன். அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, இத்தனை நாள் இதுகூடத் தெரியாமல் இருந்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் நாத்தனாரும் அண்ணியும் கடைக்குப் போனார்கள். நாலு அடுக்கு ஃபேஸ்வாஷ். புரூஃப் அக்கா பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்தாள்.

"அண்ணி, மானம் போகுது. உள்ளே வையுங்க."

"நீ சும்மா இரு டீச்சரம்மா."

முதல் அடுக்கில் ஒரே கம்பெனியின் இரண்டு டியூபுகள். நீலத்தில் 'எண்ணெய்ச் சருமத்துக்கு', ரோஸில் 'வறண்ட சருமத்துக்கு'. ஸ்கேலை வைத்து வரிவரியாகப் பார்த்தாள். தண்ணீர், தண்ணீர். லாரெத், லாரெத். கமா, கமா. கடைசிப் பெயருக்கு வரும்வரை ஒரு வார்த்தை மாறவில்லை. கடைசியில் ஒன்றில் நீலச் சாயத்தின் எண், மற்றதில் சிவப்புச் சாயத்தின் எண்.

"பாரு, ரெண்டும் ஒண்ணுதான். வாளி ஒண்ணு, சாயம்தான் ரெண்டு."

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தாள். பார்த்துவிட்டு இரண்டையும் கூடையில் போட்டாள்.

"எதுக்குடி ரெண்டு?"

"எனக்கு மூக்குல எண்ணெய் வழியும், கன்னம் வறண்டு போகும். மூக்குக்கு அது, கன்னத்துக்கு இது."

"நீ கெமிஸ்ட்ரி டீச்சர்தானே?"

"அது ஸ்கூல்ல அண்ணி."

கீழடுக்கில், கிட்டத்தட்டத் தரையை ஒட்டி, மருந்து டியூப் மாதிரி வெள்ளையாக ஒன்று கிடந்தது. படம் இல்லை, பழம் இல்லை, நீர்த்துளி இல்லை. பின்பக்கம் மொத்தமே எட்டு பெயர். தண்ணீருக்கு அடுத்து கிளிசரின், அதற்கடுத்து பீட்டைன், இன்னொரு சாது. வாசனை என்கிற பேச்சே இல்லை. அந்த அட்டையும் இவள் பார்த்ததுதான். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிற வேலை என்பதால் அதற்குச் சோம்பேறி அட்டை என்று பெயர் வைத்திருந்தாள். இப்போது குனிந்து அதை எடுக்கும்போது கொஞ்சம் மரியாதையாகவே எடுத்தாள்.

"இதுல என்ன இருக்குன்னு இதை எடுக்கறீங்க?" என்றாள் நாத்தனார்.

"ஒண்ணும் இல்ல. அதான்."

மூன்று வாரத்தில் எரிச்சல் போயிற்று. உரிதலும் நின்றது. சிரிக்கவும் கோபப்படவும் முடிந்தது. அச்சகத்தில் வேலை பழையபடி மெதுவாக நடக்க ஆரம்பித்தது.

அதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் புரிந்துபோனதை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது? ஸ்கேலை வைத்து மூன்றாவது எழுத்துக்கு வருவதற்குள், 'ஓகோ, இவன் இங்கே நிக்கறானா' என்று தோன்றிவிடுகிறது. தேன் பெரிதாகச் சொட்டுகிற அட்டையில் தேன் பதினாலாவது. 'வாசனை சேர்க்காதது' என்று போட்ட அட்டையில் பூ எண்ணெய் நாலு வகை. கேட்டால் அது வாசனை இல்லையாம், எண்ணெயாம். அவளுக்கு மூக்குக்குமேல் கோபம் வரும். ஆனால் கம்பெனி கொடுத்த பிரதியிலும் அப்படியேதான் இருக்கும். பிரதிப்படி இருந்தால் 'சரி' என்று கையெழுத்துப் போட வேண்டும். போடுவாள்.

அப்போதுதான் 'மென்மை'யின் புதுப் பிரதி வந்தது. பச்சை அட்டை, வெள்ளரிக்காய், எல்லாம் அப்படியே. பட்டியலில் இரண்டாவது இடத்தில், லாரெத் நின்ற இடத்தில், லாரில் என்று இருந்தது.

கடைசி இரண்டெழுத்துதான் வித்தியாசம். பழைய புரூஃப் அக்காவாக இருந்தால், பிரதியில் லாரில், அச்சில் லாரில், சரி என்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பாள். இவள் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

மேனேஜர் நல்ல மனுஷர். எதற்கெடுத்தாலும் வியர்க்கும், அது ஒன்றுதான் குறை.

"சார், இதுல பிழை இருக்குன்னு நினைக்கிறேன். போன தடவை லாரெத். இப்ப லாரில்னு இருக்கு."

"கம்பெனி கொடுத்த காப்பில என்ன இருக்கு?"

"லாரில்தான்."

"அப்புறம் என்னக்கா?"

"லாரில்னா எரியும் சார். மென்மைன்னு மேல போட்டிருக்கு. தப்பா டைப் பண்ணியிருப்பாங்க. ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

பத்தொன்பது வருடத்தில் அவள் எழுத்தைப் பற்றிச் சொல்லித் தப்பானதில்லை. மேனேஜர் கம்பெனிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் பேசியது கம்பெனியின் விளம்பர அதிகாரி. அச்சகத்தில் அவருக்குப் பெயர் சென்ட்காரர். நேரில் வந்தால் அவர் படியேறுவதற்கு முன்பே வாசனை ஏறி வந்துவிடும்.

"லாரில்தாங்க, கரெக்டுதான்" என்றார் சென்ட்காரர். "ஃபார்முலா மாத்திட்டோம். நுரை நல்லா வருதுன்னு ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு, உங்க புரூஃப் மேடத்துக்கு ரொம்ப தேங்க்ஸ் சொல்லுங்க."

மேனேஜர் முகம் மலர்ந்தது. புரூஃப் அக்காவுக்கும்தான்.

"அவங்க மட்டும் கேட்கலைன்னா நாங்க மறந்தே போயிருப்போம். ஃபார்முலா மாத்தினா முன்பக்கம் போடணுமே. 'மென்மை'ன்னு இருக்கில்ல, அதை எடுத்துட்டு 'புதிய மேம்பட்ட மென்மை'ன்னு போடுங்க. பெரிசா, மஞ்சள்ல."

மேனேஜர் போனை வைத்தார்.

"சார், எரியறதைப் போட்டுட்டு மேம்பட்டதுன்னு எழுதறாங்க. அந்த மென்மைங்கிற வார்த்தையையாவது எடுக்கச் சொல்லலாமா?"

மேனேஜர் கர்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "அக்கா, நம்ம வேலை எழுத்துப் பிழை பாக்கறது. பொய் பாக்கறது வேற டிபார்ட்மென்ட்."

"அந்த டிபார்ட்மென்ட் எங்க சார் இருக்கு?"

"இருந்தா சொல்றேன்."

டிசைனர், புது வரியை அவசர அவசரமாக அடித்து மஞ்சளில் போட்டுக் கொடுத்தார். புரூஃப் அக்கா உட்கார்ந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பட்டியலை மூன்று தடவை படித்தாள், அதுவும் நேராக, முதலிலிருந்து கடைசிக்கு, ஒவ்வொருத்தனையும் நிறுத்தி வைத்து விசாரித்தாள். லாரிலை முறைத்தாள். வெள்ளரிச் சாறு இப்போது பன்னிரண்டாவதுக்கு இறங்கியிருந்தது. அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு. பட்டியல் சுத்தம். முன்பக்கத்து மூன்று வார்த்தைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரு பார்வை பார்த்தாள். 'சரி'. கையெழுத்து. தேதி.

நாலு நாள் கழித்து, மெஷின் அறைக்கு டீ குடிக்கப் போனாள். நாற்பதாயிரம் அட்டை அடித்து, வெட்டி, கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. மஞ்சள் எழுத்து மேல்பக்கமாக, அறை முழுக்க.

'புதிய மேம்பட்ட மேன்மை.'

டீ கையிலேயே இருந்தது. மறுபடி படித்தாள். பின்னாலிருந்து முன்னால் படித்தாள். ஒற்றைக் கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இரட்டைக் கொம்பு. 'மேம்பட்ட'வுக்கு ஒரு 'மே' அடித்த டிசைனரின் விரல், அந்த வேகத்திலேயே அடுத்ததற்கும் ஒரு 'மே' போட்டுவிட்டிருக்கிறது. அதே வேகத்தில் இவள் கண்ணும் தாண்டிப் போயிருக்கிறது. மென்மை மேன்மையாகிவிட்டது. நாற்பதாயிரம் தடவை.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. டீ ஆறுகிற வரைக்கும் நினைத்தாள். இதைப் பார்க்கப் போகிறவர்கள் யார்? கிழித்துக் குப்பையில் போடப் போகிறவர்கள். ஆனால் பத்தொன்பது வருடம் குறுக்கே நின்றது. ஆறிய டீயை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், என்னால ஒரு பிழை போயிடுச்சு."

மேனேஜருக்கு அது புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டது என்று கிணறே வந்து சொன்ன மாதிரி பார்த்தார். அட்டையைக் கையில் கொடுத்ததும் கர்சீப் போதவில்லை, மேஜைத் துணியை எடுத்தார்.

"டிசைனரும் பாக்கலை, நானும்தான் பாக்கலை" என்றார் கடைசியில். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

கம்பெனிக்குச் சொன்னார்கள். அன்று மத்தியானமே வாசனை படியேறி வந்தது, பின்னாலேயே சென்ட்காரர். புரூஃப் அக்கா கதவோரம் நின்றாள். கையைக் கட்டிக்கொள்வதா தொங்கவிடுவதா என்று தெரியவில்லை. மேனேஜர், மொத்தத்தையும் எங்கள் செலவிலேயே திரும்ப அடித்துக் கொடுக்கிறோம் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

சென்ட்காரர் அட்டையைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார். "மேன்மை" என்று ஒரு தடவை சொன்னார். "புதிய மேம்பட்ட மேன்மை" என்று மறுபடி, டிவியில் சொல்கிற குரலில் சொன்னார்.

"இது யாரோட ஐடியா?"

மேனேஜரின் வாய் திறந்தபடியே இருந்தது. அதிலிருந்து வந்தது வேறு வார்த்தை. "நம்ம டீம்தான் சார்."

"அபாரம். மென்மை மென்மைன்னு ஊர்ல எல்லாரும் போடறாங்க. அதோட, மென்மைன்னு போட்டா எவனாவது எரியுதுன்னு கேஸ் போடுவான். எங்க வக்கீல் ரெண்டு வருஷமா அந்த வார்த்தையை எடு எடுன்னு தலையைப் பிச்சுக்கறார். மேன்மைன்னா எவன் என்ன கேட்க முடியும்? மேன்மையா இல்லைன்னு எப்படி நிரூபிப்பான்?" மேனேஜரின் கையைக் குலுக்கினார். "அப்படியே போகட்டும். அடுத்த தடவை எண்பதாயிரம் அடிங்க."

அவர் போன பிறகும் வாசனை போகவில்லை. மேனேஜர் ஜன்னலைத் திறந்துவிட்டு, புரூஃப் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "டீம்னா நீங்களும்தானே அக்கா."

பஸ்ஸில் உட்கார்ந்து அவள் யோசித்துப் பார்த்தாள். அந்தப் பொய்யை எடுக்கச் சொல்லி, புத்தியோடு, மரியாதையாகப் போய்க் கேட்டாள். மஞ்சள் எழுத்தில் இன்னும் பெரிதாகப் போட்டார்கள். கவனக்குறைவாக ஒரு தப்புச் செய்தாள். பொய் தானாகக் கழன்று விழுந்துவிட்டது. இப்போது அந்த அட்டையில் எழுத்துப் பிழையும் இல்லை, சொன்ன வார்த்தைக்குப் பொய்யும் இல்லை. ஏனென்றால் சொன்ன வார்த்தைக்கு அர்த்தமே இல்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கடைசியில் சிரித்தாள். பக்கத்து சீட்டுக்காரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் நாத்தனார் பையும் கையுமாக மாடிப்படி இறங்கி வந்தாள்.

"அண்ணி, உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. இது பழைய மாதிரி வெறும் மென்மை இல்ல. மேன்மையாம்!"

"அது பிழைடி. நான் விட்ட பிழை."

"சும்மா இருங்க. இவ்வளவு பெரிய கம்பெனி பிழையாப் போடுமா? உங்க கன்னத்தைப் பாருங்க, எப்படித் தெளிஞ்சிருக்கு. நான் கொடுத்ததைப் போட்டுத்தானே? ஸ்டாஃப் ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பயாலஜி டீச்சர்கூட வாங்கிட்டா."

புரூஃப் அக்கா தரையோரத்துச் சோம்பேறி டியூபைப் பற்றி மறுபடி எடுத்துச் சொன்னாள். இரண்டாவது பெயர் யார், அவன் அண்ணன் யார், தம்பி யார் என்று விளக்கினாள். நாத்தனார் பொறுமையாகக் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தன் பாடத்தைக் கேட்பார்களே, அதே முகத்தோடு கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "எல்லாம் சரிதான் அண்ணி, ஆனா அதுல வாசனை இல்லையே" என்றாள்.

மேன்மை டியூப் குளியலறையில் கேட்பாரற்றுக் கிடந்தது. ஒரு வாரம் கழித்து அது பாதி காலியாகியிருப்பதைப் பார்த்து, புரூஃப் அக்கா கணவரிடம் கேட்டாள்.

"நான்தான்" என்றார் லிஃப்ட் மெக்கானிக், இரண்டு கையையும் விரித்துக் காட்டி. நகக்கண்ணில்கூடக் கருப்பு இல்லை. "கேபிள் கிரீஸ் மண்ணெண்ணெய்க்கே அசையாது. இதைப் போட்டதும் கழண்டு ஓடுது. இவ்வளவு நல்ல சாமானை இத்தனை நாளா முகத்துல பூசி வீணாக்கிட்டிருந்தீங்களே!"

அன்றிலிருந்து நாத்தனாரின் பரிசுகளுக்கு வீட்டில் தனி மரியாதை.

அச்சகத்தில் புரூஃப் அக்கா தன் வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டாள். ஒவ்வோர் அட்டையையும் இரண்டு தடவை படிக்கிறாள். முதலில் பழையபடி, பின்னாலிருந்து முன்னால், ஒன்றும் தெரியாதவளாக, கையெழுத்து அதற்குத்தான். அப்புறம் நேராக, எல்லாம் தெரிந்தவளாக, யாரும் கேட்காமல், தனக்காக. சில அட்டைகளைப் பார்த்துத் தலையாட்டுகிறாள். சிலவற்றைப் பார்த்து 'உன்னை எனக்குத் தெரியும்' என்பது மாதிரி ஒரு முறைப்பு.

இதனால் வேலை இரட்டிப்பு நேரம் பிடிக்கிறது. மேனேஜர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி வந்து கேட்டார்.

"என்னக்கா, இப்பல்லாம் லேட்டாகுதே?"

"கண்ணு கொஞ்சம் மங்குது சார்" என்றாள்.

மேனேஜருக்கு உடனே வியர்த்தது. மறுநாள் காலையில் அவள் மேஜைமேல், கழுத்தை வளைத்துத் திருப்புகிற மாதிரி, புது விளக்கு ஒன்று இருந்தது.